காளானும் என் மூக்கும்

நனைந்த கோணிச் சாக்கை வெயில் படாத மூலையில் நாலு நாள் போட்டு வைத்து, பிறகு அதற்குள் முகத்தை விட்டால் ஒரு வாடை வருமே, அதுதான் எனக்குக் காளான். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் அம்மாவுக்கு அது முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. அப்பாவுக்கு இளங்கோழிக் கறியின் வாசனை. தங்கை மயிலாத்தாளுக்கு அது எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. சட்டி அடுப்பில் ஏறியதுமே அவள் தன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்பதுதான் நினைவிருக்கிறது. ஒரே அடுப்பில், ஒரே சட்டியில் வெந்த ஒரு பொருள் மூன்று பேருக்கு விருந்தாகவும் ஒருவனுக்குக் குமட்டலாகவும் இருந்தது எதனால் என்று இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மழையில் மிச்சம் மீதிதான் எங்களுக்கு வரும். கடலைக் காடு, பனைமரம், வேலியோரத்தில் ஆள் உயரப் புற்றுகள். இடியோடு ஒரு மழை பெய்து, மறுநாள் வெயில் அடித்து, அதற்கு அடுத்த நாள் விடியும்போது புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக எழுந்து நிற்கும். அதைப் "புத்துக் காளான்" என்பார்கள். அந்த ஒரு வாரம் ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். தின்கிறவர்கள் விடியுமுன் வேலிவேலியாக அலைவார்கள், எங்கே கிடைத்தது என்று கேட்டால் எதிர்த்திசையைக் காட்டுவார்கள். தின்னாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். எங்கள் பெரியப்பா தின்னாதவர். "அது கவுச்சியுமில்ல, காயுமில்ல. எதுன்னு தெரியாததத் தின்னுப்போட்டு எந்தக் கெழமையில வெரதம் இருக்கறது?" என்பார். அவருக்காகவே அம்மா காளானுக்கென்று தனியாக ஒரு மண்சட்டி வைத்திருந்தார். வீட்டு அடுப்பில் அது ஏறாது. வாசலில் மூன்று கல் கூட்டித்தான் சமையல்.

எனக்குப் பெரியப்பாவைப் போல காரணம் ஒன்றும் கிடையாது. நான்கைந்து வயதில் அம்மா ஊட்டிய ஒரு துண்டு என் நாக்கில் பட்டு வழுக்கியது. மழைக்காலத்தில் சுவரில் ஊரும் நத்தை வாய்க்குள் வந்துவிட்டதாகவே நினைத்துத் துப்பினேன். அதற்குப் பிறகுதான் அந்த வாடை எனக்குத் தனியாகத் தெரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். பத்தடி தூரத்தில், புல்லுக்கு அடியில், தலை தூக்காமல் இருக்கிற காளான்கூட எனக்கு நாறும். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரிலேயே காளான் கண்டுபிடிப்பதில் நான் முதல் ஆளானேன். யாரோடும் பேசாமல், குனிந்த தலையோடு நடக்கிற பிள்ளை நான். நாற்றம் எங்கே அடிக்கிறதோ அங்கே போய் நின்றால் போதும், காளான் இருக்கும். எனக்கு "மூக்கன்" என்று பெயர் வந்தது.

பறித்துக்கொண்டு வந்து அம்மாவின் முன் கொட்டியதும் ஒரு விளையாட்டு நடக்கும். அம்மா ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "நாறுதாடா மூக்கா?" என்பார். நான் முகத்தைச் சுளித்து, "நாறுதுங்கம்மா" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். என்றைக்காவது நாறவில்லை என்று சொன்னால் அன்றைக்கு நானும் தின்றாக வேண்டும் என்பது பேச்சு. அந்த நாள் வரவே இல்லை. மயிலு மட்டும் ஒவ்வொரு தடவையும் என் சட்டையைப் பிடித்து, "அண்ணா, நீ திங்கலீன்னா உம்பங்கு எனக்குத்தானே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. எங்கள் பக்கத்தில் காளான் கொதிக்கும்போது அதில் வெள்ளி போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளி கறுத்தால் விஷக் காளான், கறுக்காவிட்டால் நல்லது. சிலர் வெள்ளிக் காசு போடுவார்கள். எங்கள் வீட்டில் இருந்த வெள்ளி அம்மாவின் மெட்டியும் மயிலுவின் கொலுசும்தான். மெட்டியைக் கழற்றக் கூடாது. ஆகவே, "மயிலு, காலக் காட்டு" என்று ஒரு கொலுசைக் கழற்றி, சாம்பல் போட்டுத் துலக்கி, சட்டியில் போடுவார் அம்மா. வெளியே எடுக்கும்போது அது எப்போதும் பளபளவென்றே இருக்கும். அதைக் கழுவி, சூடு ஆறுவதற்குள் அவள் காலில் திரும்பப் பூட்டிவிடுவார். அவளும் சுடுகிறது சுடுகிறது என்று குதித்துக்கொண்டே தட்டை நீட்டுவாள். புற்றில் பூப்பது எப்போதும் ஒரே காளான், அது எப்போதும் நல்ல காளான், வெள்ளிக்கு அதில் வேலையே இல்லை என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், தொடர்ந்து மழை பொய்த்த இரண்டு வருடங்களுக்குப் பிறகு, அப்பா நிலத்தைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு மின்சார போர்டில் மஸ்தூர் வேலைக்குச் சேர்ந்தார். கம்பம் தூக்குவது, கம்பி இழுப்பது, விழுந்த மரத்தை வெட்டுவது அந்த வேலை. மலைமேல் இருந்த சித்திரபுரத்தில் "குவார்ட்டர்ஸ்" கொடுத்தார்கள். தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. எனக்கு ஒன்பது வயது, மயிலுவுக்கு ஐந்து.

அங்கே குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. துணி காயாது. விறகு எரியாமல் புகையும். அம்மா அந்தப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார், அது புகையால் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர், அங்கே வந்த பிறகு அதிகம் பேசுவதில்லை. மழை தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, "ஊர்ல இந்நேரம் புத்துக் காளான் பூத்திருக்கும்" என்பார். இதை அவர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை சொன்னார். மயிலு அதைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இங்க காளான் இல்லியா? நீதான் மூக்கனாச்சே?" என்று என்னைத் துளைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. அப்பா இரண்டு நாளாக எங்கோ மலைக்குள் கம்பி அறுந்த இடத்தில் வேலைக்குப் போயிருந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினேன். மேலே தைலமரங்கள் வரிசையாக நட்டிருந்தார்கள். மரத்தடியில், உதிர்ந்த இலைகளை விலக்கிக்கொண்டு, சுத்தமான வெள்ளை நிறத்தில் பத்துப் பன்னிரண்டு காளான்கள் நின்றன. நான் அவற்றைக் கண்ணால்தான் கண்டுபிடித்தேன். இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் போய் நின்றும் எனக்கு நாற்றம் அடிக்கவில்லை. ஒன்றைப் பறித்து மூக்குக்கு அருகில் கொண்டுபோனேன். கோணிச் சாக்கு வாடை இல்லை. லேசாக, தேன் பட்ட துணி மாதிரி ஏதோ ஒன்று. மலைக் காளான் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, மலையில் எல்லாமே கழுவின மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பறித்துச் சட்டையில் கட்டி எடுத்து வந்தேன்.

அம்மா பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டுவிட்டார். "அட எஞ்சாமி! இங்கீமா பூக்குது?" என்றார். அவர் குரலில் ஊர் திரும்ப வந்தது. அந்தக் குரலைக் கேட்டு அடுத்த வீட்டுச் செல்லத்தாய் அக்கா எட்டிப் பார்த்தார். அவர் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். எங்களுக்கு அங்கே இருந்த ஒரே துணை அவர்தான்.

"என்ன மதினி இது, வெள்ளை வெளேர்னு, பொணத்து வெரலு கணக்கா? தூரப் போடுங்க."

"ஏனுங்க அக்கா, நீங்க கருவாடு சுட்டா நாலு ஊட்டுக்கு நாறுது, நாங்க ஏதாச்சும் சொன்னமா?"

"கருவாட்டுக்குக் கண்ணு இருக்கு, வாலு இருக்கு, இன்ன மீனுன்னு பேரு இருக்கு. இதுக்கு என்ன இருக்கு? நேத்து இல்ல, இன்னைக்கு இருக்கு, நாளைக்கு இருக்காது. இத நம்பி வாயில வைப்பாவளா?"

"ஒருக்கா வெச்சுப் பாருங்க. அப்பறம் கருவாட்டப் பூனைக்குப் போட்ருவீங்க."

செல்லத்தாய் அக்கா காறித் துப்பிவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நாங்கள் மலைக்கு வந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே, அடுப்பு ஊதக் குனிந்தவர், என்னைப் பார்க்காமலே, "என்ன மூக்கா, நாறுதா?" என்று கேட்டார்.

நாறவில்லை என்று சொன்னால் நான் தின்ன வேண்டும். அந்த வழுவழுப்பு என் நாக்கிலேயே நின்றது.

"நாறுதுங்கம்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மயிலு என் சட்டையைப் பிடித்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். உனக்குத்தான் என்றேன். அம்மா அவள் கொலுசைக் கழற்றித் துலக்கிக் கொதிக்கிற சட்டியில் போட்டார். எடுத்தபோது அது ஊரில் இருந்ததைவிட வெள்ளையாக இருந்தது. "பாருங்க அக்கா, கொலுசு சிரிக்குது" என்று செல்லத்தாய் அக்காவிடம் தூக்கிக் காட்டிவிட்டு மயிலுவின் காலில் பூட்டினார். மயிலு இரண்டு தட்டு தின்றாள். அம்மா அவளுக்கு வைத்து வைத்துக் கடைசியில் தனக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டார். அப்பாவுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தார். நான் மோர் ஊற்றித் தின்றேன். இந்த மாதிரி ருசி புத்துக் காளானில்கூட இல்லை என்று அம்மா சொன்னார்.

அன்று முழுக்க ஒன்றும் இல்லை. மறுநாள் விடியும்போது இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. செல்லத்தாய் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு ஜீப்பைப் பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த நர்ஸ், அம்மாவைப் பார்த்து, "கூணு கழிச்சோ?" என்று கேட்டார். காளான் சாப்பிட்டீர்களா என்று. அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், "வெள்ளி கறுக்கலீங்களே" என்றார். டாக்டர் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னார். வெள்ளிக்கு அதெல்லாம் தெரியாது என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னார். செல்லத்தாய் அக்கா திரும்பிப் போய், அப்பாவுக்கென்று மூடி வைத்திருந்த கிண்ணத்தைக் குழி தோண்டிப் புதைத்தார். ஆஸ்பத்திரிச் சுவரில் பாதி உயரம் வரை பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. நான் அந்தப் பச்சை முடிகிற கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இருவருக்கும் சரியானது போல் இருந்தது. அப்பா வந்து சேர்ந்திருந்தார். மயிலு எழுந்து உட்கார்ந்து "வர்க்கி" வேண்டும் என்றாள். அப்பா டீக்கடையிலிருந்து வர்க்கியும் டீயும் வாங்கி வந்தார். அவள் ஒரு வர்க்கியை இரண்டாக உடைத்து, டீயில் நனைத்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டி, "இந்தா, உம்பங்கு" என்றாள். வாங்கித் தின்றேன். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று அப்பா சொன்னார். மறுநாள் அவள் கண் மஞ்சளாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் இறந்துபோனாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம், புல் வெட்டிய ஒரு சரிவில் புதைத்தார்கள். பனி இறங்கியிருந்ததால் யார் யார் வந்திருந்தார்கள் என்று தெரியவில்லை. அப்பாவின் செருப்பில் ஒட்டிய சிவப்பு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. பையனுக்குக் காளான் பிடிக்காததால் தப்பித்தான், அது ஒரு தெய்வச் செயல் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். அவரைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள், அதை இங்கே எழுத வேண்டாம்.

மாதம் முடிவதற்குள் மலையை விட்டு இறங்கினோம். நடுவில் நின்ற என் படிப்பு திரும்பத் தொடங்கவில்லை. ஆடு மேய்த்தேன், பிறகு முதலமடை மாந்தோப்புகளில் காய் இறக்கவும் லாரியில் ஏற்றவும் போனேன். பேச்சில்லாத வேலை எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சில வருடங்கள் கழித்து, கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு அம்மாவோடு போயிருந்தபோது ஒரு கிழவர் இலையில் புத்துக் காளான் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அம்மா நின்றுவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அவர் எச்சிலை விழுங்கினார். "நாக்கு கேக்குது கண்ணு. இந்த வெக்கங்கெட்ட நாக்கச் செருப்பால அடிக்கோணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். பிடிப்பதும் பிடிக்காததும் நம் கையில் இல்லை என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. நல்லது கெட்டது எதுவும் நாக்குக்குத் தெரியாது. பிள்ளையைக் கொன்றதைக்கூட அது கேட்கும்.

எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது, பொங்கலுக்கு முன் வீட்டைக் கழுவிச் சாமான்களை வெயிலில் வைத்தோம். அம்மாவின் தகரப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் மயிலுவின் கொலுசுகள் இருந்தன. இரண்டும் கரி போலக் கறுத்திருந்தன. அம்மா அவற்றைக் கையில் எடுத்து முந்தானையால் தேய்த்துப் பார்த்தார்.

"சும்மா கெடந்ததுக்கு இப்பக் கறுக்குது பாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏங் கண்ணு, அன்னிக்கு உனக்கு நெசமாலுமே நாறுச்சா?"

பதின்மூன்று வருடமாக அதை யாராவது கேட்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நாறவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அப்போதும் யோசித்தேன். ஒருவேளை அவர் தன்மேல் வைத்திருக்கும் பழியில் பாதியைக் கீழே வைத்திருக்கலாம். ஒருவேளை, கேட்டும் பையன் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனோமே என்று அது இரண்டு மடங்காகியும் இருக்கலாம். இதெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. அந்த நிமிடத்தில் எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது.

"நாறுச்சுங்கம்மா. எப்பவும் போலத்தான்" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். "அப்ப ஒண்ணும் தெரியறதுக்கு வழியில்ல" என்று சொல்லிக் கொலுசைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோனார்.

இப்போது எங்கள் பக்கத்தில் புற்றுகள் இல்லை. வேலிகளை எந்திரம் வைத்துத் தள்ளி, சமப்படுத்தி, கடலைக் காடெல்லாம் தென்னந்தோப்பாகிவிட்டது. இடி இடிக்கிறது, மழையும் பெய்கிறது, எதுவும் எழுந்து நிற்பதில்லை. விடியுமுன் அலைகிறவர்களும் இல்லை, திட்டுகிறவர்களும் இல்லை. காளான் பொள்ளாச்சிக் கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. என் மகளுக்கு அது உயிர். கல்லூரியிலிருந்து வரும்போது வாங்கி வந்து அவளே சமைப்பாள். நான் அந்த நேரத்தில் தோப்புக்குப் போய்விடுவேன். அவள் தின்றதிலிருந்து ஐந்து நாள் அவள் கண்ணைப் பார்ப்பேன். ஏன் அப்படிப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஓர் அத்தை இருந்து சிறுவயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். மூக்கன் கதையை மட்டும், அவள் ஆத்தா என்று கூப்பிடும் என் அம்மா அவளுக்குச் சொல்லியிருந்தார், விளையாட்டாக.

சென்ற மாதம் மழையாக இருந்ததால் நான் வெளியே போகவில்லை. மகள் சட்டியோடு வந்து, ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னங்கப்பா, நாறுதா?" என்று சிரித்தாள்.

குனிந்து முகர்ந்து பார்த்தேன். டப்பாக் காளானுக்கு ஒரு வாடையும் இல்லை.

"நாறல" என்றேன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப நீங்களும் திங்கோணும். ஆத்தா சொல்லியிருக்காங்க, அதுதான் பேச்சு" என்றாள்.

தட்டை நீட்டினேன். ஒரு கரண்டி வைத்தாள். வழுவழுவென்றுதான் இருந்தது. விழுங்கினேன்.